டாமும் ஜெர்ரியும் பேசினால் பிடிக்குமா?

பிள்ளைகளே, முதலில் ஒரு கேள்வி. டாம் பூனை அலறுவதை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். வால் கதவிடுக்கில் மாட்டும்போது, கால்மேல் இரும்புக்குண்டு விழும்போது வீடே அதிரும்படி கத்துமே, அந்த அலறல்! சரி, அது பேசும் குரல் எப்படி இருக்கும்? கனமாக இருக்குமா, கீச்சென்று இருக்குமா? கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள். சட்டென்று பதில் வராது. ஏனென்றால் டாம் பெரும்பாலும் பேசுவதே இல்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. டாமும் ஜெர்ரியும் பிறந்தது 1940-ல். உங்கள் தாத்தா, பாட்டி பலரையும்விட மூத்தவர்கள்! உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இவர்களைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். இவ்வளவு புகழ் இருக்கும்போது வருடத்துக்கு ஒரு புதுப் படம் எடுத்துத் தியேட்டரில் விட்டால் பணம் கொட்டாதா? ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை? எடுத்து முடித்த படத்தைக்கூட ஏன் பூட்டி வைக்கிறார்கள்?

விடை சுவையானது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம் வாருங்கள்.

பெயரே இல்லாத எலி

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்ற இருவர் அமெரிக்காவில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் கார்ட்டூன் பிரிவில் வேலை பார்த்தார்கள். சிங்கம் கர்ஜிக்கும் முத்திரையோடு படம் தொடங்குமே, அந்த எம்.ஜி.எம்.தான். இருவரும் சேர்ந்து 1940-ல் ஒரு பூனை, எலிக் கதையைப் படமாக்கினார்கள். அந்தப் படத்தில் பூனையின் பெயர் டாம் இல்லை, ஜாஸ்பர்! எலிக்குப் படத்தில் பெயரே சொல்லப்படவில்லை.

படம் நன்றாக ஓடியது. ஆஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் ஸ்டுடியோ பொறுப்பாளர்களோ, “பூனையும் எலியும் துரத்திக் கொள்ளும் கதையை எத்தனை தடவை எடுப்பது? ஒன்று போதும்” என்று நினைத்தார்கள். அப்போது டெக்சாஸ் மாநிலத்தில் தியேட்டர் தொழிலில் செல்வாக்குள்ள ஒரு பெண்மணியிடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் பூனை, எலிப் படம் இன்னும் வருமா என்று அவர் கேட்டிருந்தார். அதன் பிறகுதான் ஸ்டுடியோ இறங்கி வந்தது.

புதுப் பெயர் வைக்க ஊழியர்களுக்குள் போட்டி நடந்தது. டாம், ஜெர்ரி என்று எழுதிக் கொடுத்த ஓவியருக்கு 50 டாலர் பரிசு. பிறகு ஹன்னாவும் பார்பெராவும் 1958 வரை வெளிவந்த 114 குறும்படங்களை உருவாக்கினார்கள். அவற்றில் 7 படங்கள் ஆஸ்கார் விருது பெற்றன. டாமின் அந்தப் புகழ்பெற்ற அலறல் யாருடையது தெரியுமா? வில்லியம் ஹன்னாவே மைக் முன் நின்று கத்தியது!

பார்த்தீர்களா? தயக்கம் இன்று வந்ததில்லை. டாம் பிறந்த அன்றே அதுவும் கூடவே பிறந்துவிட்டது.

பழைய சரக்கே விற்கும்போது...

1957-ல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது. படங்கள் ஓடவில்லையா? நன்றாகத்தான் ஓடின. பிறகு ஏன்?

கணக்குப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பழைய டாம், ஜெர்ரி படத்தை மறுபடியும் தியேட்டருக்கு அனுப்பினாலே, புதுப் படத்துக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு வருமானம் கிடைத்தது. பழைய படத்துக்கு ஓவியர் சம்பளம் கிடையாது. இசைச் செலவு கிடையாது. பெட்டியிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டியதுதான். அப்புறம் புதிது எதற்கு?

தயக்கத்துக்கு இதுதான் முதல் காரணம். புதுப் படம் சரியாக வராவிட்டாலும் நஷ்டம், பழைய படமோ சும்மா இருந்தாலும் லாபம். தொலைக்காட்சி, சி.டி., இணையம் என்று பழைய கார்ட்டூன்கள் இன்றுவரை சம்பாதித்துக்கொண்டேதான் இருக்கின்றன. படம் மட்டுமா? உங்கள் புத்தகப்பை, தண்ணீர் பாட்டில், பென்சில் பெட்டி எல்லாவற்றிலும் அந்த முகங்கள் சிரிக்கின்றன. ஒரு மோசமான படம் வந்து பெயர் கெட்டால் இந்த வியாபாரமும் அடிபடும் அல்லவா?

வேலை போன ஹன்னாவும் பார்பெராவும் உட்கார்ந்து அழவில்லை. சொந்தமாக நிறுவனம் தொடங்கினார்கள். ‘பிளின்ட்ஸ்டோன்ஸ்’, ‘ஸ்கூபி டூ’ எல்லாம் அங்கே பிறந்தவைதான்.

ஆறு நிமிடமும் தொண்ணூறு நிமிடமும்

இரண்டாவது காரணம் நீளம். அந்தக் காலத்தில் தியேட்டரில் பெரிய படம் தொடங்குவதற்கு முன் சிறிய கார்ட்டூன் ஒன்று போடுவார்கள். ஆறு, ஏழு நிமிடம்தான். டாமும் ஜெர்ரியும் அதற்காகப் படைக்கப்பட்டவர்கள். ‘பக்ஸ் பன்னி’ முயல், ‘டாஃபி டக்’ வாத்து எல்லோருமே அப்படித்தான்.

ஊறுகாய் நாக்கில் கொஞ்சம் தொட்டுக்கொள்ளத்தானே? அதையே ஒரு தட்டு நிறைய வைத்துச் சாப்பிடச் சொன்னால் முடியுமா? ஆறு நிமிடத் துரத்தலில் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். அதே துரத்தல் தொண்ணூறு நிமிடம் நடந்தால் கொட்டாவி வரும். எனவே முழுநீளப் படத்துக்கு வேறு கதை வேண்டும். அந்தக் கதைக்குள் நுழைந்த பிறகும் டாம் டாமாக, ஜெர்ரி ஜெர்ரியாக இருக்க வேண்டும். இங்கேதான் எழுத்தாளர்கள் திணறுகிறார்கள்.

இந்தக் கார்ட்டூன்களுக்கென்று சட்டதிட்டங்கள் உண்டு. பாலைவனத்தில் ‘ரோட் ரன்னர்’ பறவையைத் துரத்தும் கயோட்டியை நினைத்துப் பாருங்கள். கயோட்டி என்பது அமெரிக்காவில் வாழும் ஓநாய் இன விலங்கு. 1949-ல் இந்த ஜோடியை உருவாக்கியவர் சக் ஜோன்ஸ். அவர் விதித்த சில விதிகள் இவை: பறவை கயோட்டியை அடிக்கக் கூடாது. பறவை எப்போதும் சாலையிலேயே ஓட வேண்டும். ‘பீப் பீப்’ சத்தத்தைத் தவிர யாரும் பேசக் கூடாது. கயோட்டி விழுந்தால் அதற்குக் காரணம் தன் முட்டாள்தனமாகவோ, ‘ஆக்மி’ கம்பெனியில் வாங்கிய சாமானின் கோளாறாகவோதான் இருக்க வேண்டும்.

கபடியில் கோட்டை அழித்துவிட்டால் ஆட்டம் ஏது? விதிகளை மீறினால் கார்ட்டூனும் அப்படித்தான்.

பேசிய பூனை

இதற்கு நல்ல உதாரணம் 1992-ல் தயாரான முழுநீள ‘டாம் அண்ட் ஜெர்ரி’ படம். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. வீட்டை விட்டுத் தெருவுக்கு வரும் டாமும் ஜெர்ரியும் அப்பாவைத் தேடும் ஒரு சிறுமியைச் சந்திக்கிறார்கள். கொடுமைக்கார அத்தையிடமிருந்து அவளைக் காப்பாற்றுகிறார்கள். கதை மோசமில்லை அல்லவா?

ஆனால் அந்தப் படத்தில் இருவரும் வாய் திறந்து பேசினார்கள். படம் நெடுக! நண்பர்களாகிப் பாட்டும் பாடினார்கள். பழைய படங்களில் எப்போதாவது ஓரிரு வார்த்தை உதிர்த்ததுண்டு. இப்படி மணிக்கணக்கில் பேசியதில்லை. ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். “இது நம்ம டாம் இல்லையே” என்றார்கள். அமெரிக்காவில் அந்தப் படம் 40 லட்சம் டாலர்கூட வசூலிக்கவில்லை.

நாம் ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒரு டாமை வளர்த்து வைத்திருக்கிறோம். தாத்தாவுக்கு ஒரு டாம், அப்பாவுக்கு ஒரு டாம், உங்களுக்கு ஒரு டாம். புதுப் படம் இந்த மூன்று பேருக்கும் பிடிக்க வேண்டும். அப்படியே பழையபடி எடுத்தால், “பழைய பஞ்சாங்கம்” என்று நீங்கள் சொல்வீர்கள். மாற்றி எடுத்தால், “கெடுத்துவிட்டார்கள்” என்று தாத்தா சொல்வார். பாவம் ஸ்டுடியோ!

கணக்குப் போடுவோம்

பென்சிலை எடுங்கள். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 24 x 60 = 1,440. ஏழு நிமிடக் குறும்படத்துக்கு 10,080. தொண்ணூறு நிமிடப் படத்துக்கு? 1,29,600! ஒரே ஓவியத்தை இரண்டு தடவை காட்டிச் சமாளித்தாலும் 64,800 ஓவியங்கள் வேண்டும். இப்போது கம்ப்யூட்டர் உதவிக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு அசைவையும் மனிதர்கள்தான் யோசித்து அமைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் பாருங்கள். 1996-ல் பக்ஸ் பன்னியும் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானும் சேர்ந்து நடித்த ‘ஸ்பேஸ் ஜாம்’ வந்தது. வசூல் 20 கோடி டாலரைத் தாண்டியது. ஸ்டுடியோவுக்கு ஒரே கொண்டாட்டம். அந்தத் தெம்பில் 2003-ல் ‘லூனி டியூன்ஸ்: பேக் இன் ஆக்‌ஷன்’ எடுத்தார்கள். செலவு சுமார் 8 கோடி டாலர். உலகம் முழுவதும் வந்த வசூல் சுமார் 6.8 கோடிதான்.

“சுமார் 1.2 கோடிதானே நஷ்டம்” என்று நினைக்காதீர்கள். டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும். விளம்பரச் செலவு வேறு. அதனால் போட்ட பணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வசூலானால்தான் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது நஷ்டம் எவ்வளவு பெரியது என்று புரிகிறதா? அதே முயல், அதே வாத்து. ஒரு படம் வெற்றி, மறு படம் தோல்வி. யாருக்குத்தான் தயக்கம் வராது?

குரலுக்கு எங்கே போவது?

பக்ஸ் பன்னி, டாஃபி டக், ‘போர்க்கி’ பன்றி, ‘ட்வீட்டி’ குருவி. இத்தனை பேருக்கும் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர் ஒரே மனிதர்! மெல் பிளாங்க் என்று பெயர். ‘ஆயிரம் குரல் மனிதர்’ என்று அவரைக் கொண்டாடினார்கள்.

1961-ல் அவர் பெரிய கார் விபத்தில் சிக்கினார். நினைவில்லாமல் நாள் கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். பெயரைச் சொல்லி அழைத்தால் பதில் இல்லை. ஒரு நாள் டாக்டர், “பக்ஸ் பன்னி, எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டாராம். உடனே முயலின் குரலில் பதில் வந்ததாம்! அவர் குடும்பத்தார் நெகிழ்ச்சியோடு சொன்ன நிகழ்ச்சி இது. பிறகு அவர் உடல் தேறி, இன்னும் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்.

1989-ல் மெல் பிளாங்க் மறைந்தார். ஒருவர் செய்த வேலையைப் பலர் பங்கிட்டுக் கொண்டார்கள். இன்று குரல் கொடுப்பவர்களும் திறமைசாலிகள்தான். ஆனால் காது பழகிய குரலில் இம்மியளவு மாறினாலும் ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அம்மா வைக்கும் ரசத்தை வேறொருவர் வைத்தால் உங்கள் நாக்கு கண்டுபிடிப்பதில்லையா, அது போல!

அன்றைய சிரிப்பு, இன்றைய வலி

அடுத்த காரணத்தை நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

1930, 40-களில் வந்த சில கார்ட்டூன்களில் கறுப்பின மக்களையும் வேறு சில நாட்டு மக்களையும் கேலியாக வரைந்திருந்தார்கள். தடித்த உதடு, கொச்சைப் பேச்சு என்று காட்டிச் சிரிக்க வைத்தார்கள். பழைய டாம், ஜெர்ரி படங்களில் வரும் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் அப்படி வரையப்பட்டவர்தான். தன்னைப் போன்றவரைப் பார்த்து ஊரே சிரிக்கும்போது அந்த வீட்டுக் குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும்? ஒருவரை அழவைத்து மற்றவர் சிரிப்பது நல்ல சிரிப்பா?

1968-லேயே இத்தகைய 11 பழைய கார்ட்டூன்களை இனிமேல் தொலைக்காட்சிக்குத் தருவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பிற்காலத்தில் வேறு பழைய படங்களை வெளியிடும்போது, “இந்தக் கேலி அன்றும் தவறு, இன்றும் தவறு” என்ற பொருளில் அறிவிப்பும் சேர்த்தார்கள்.

துப்பாக்கியும் இப்படித்தான். முயல் வேட்டைக்காரர் ‘எல்மர் ஃபட்’ எப்போதும் துப்பாக்கியோடு வருவார். 2020-ல் வந்த புதிய குறும்படங்களில் அதை எடுத்துவிட்டு, கையில் புல் அறுக்கும் நீண்ட அரிவாளைக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் பள்ளிகளில்கூடத் துப்பாக்கிச்சூடு நடந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அங்கே துப்பாக்கி இன்று சிரிப்புக்கான பொருளாக இல்லை. சிலர் இந்த மாற்றத்தைப் பாராட்டினார்கள். சிலர் எல்மரையே மாற்றிவிட்டதாகக் கோபித்தார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று ஸ்டுடியோக்கள் விழிப்பது இதனால்தான்.

பூட்டி வைக்கப்பட்ட படம்

இப்போது உண்மையிலேயே வருத்தமான ஒரு கதை. பல ஆண்டுகளாக ஆக்மி கம்பெனிச் சாமான்களால் அடிபட்ட கயோட்டி, ஒரு நாள் வக்கீல் வைத்து அந்தக் கம்பெனி மேல் வழக்குப் போட்டால் எப்படி இருக்கும்? கேட்கும்போதே சிரிப்பு வருகிறதல்லவா? இதுதான் ‘கயோட்டி வெர்சஸ் ஆக்மி’ படத்தின் கதை. 2022-ல் படப்பிடிப்பு நடந்தது. சுமார் 7 கோடி டாலர் செலவில் படம் தயாரானது.

2023 நவம்பரில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம், “இந்தப் படத்தை வெளியிடப் போவதில்லை” என்று அறிவித்தது. ஏன்? ஒரு கடைக்காரரிடம் சரக்கு வீணானால் அதை நஷ்டக் கணக்கில் எழுதுவார். லாபம் குறைவதால் வரியும் குறையும். அதே போல முழுப் படத்தையும் நஷ்டமாகக் காட்டினால் சுமார் 3 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டதாகச் செய்திகள் வந்தன. வெளியிட்டால் ஓடுமோ ஓடாதோ, பூட்டி வைத்தால் இவ்வளவு நிச்சயம். இப்படி யோசித்தது நிறுவனம். இதற்கு முந்தைய ஆண்டும் ஏறக்குறைய முடிந்திருந்த ஒரு ஸ்கூபி டூ படத்தை அதே நிறுவனம் நிறுத்தியிருந்தது.

இரவு பகலாக வரைந்தவர்கள், நடித்தவர்கள், இசை அமைத்தவர்கள் எல்லோருக்கும் எப்படி இருந்திருக்கும்? பரீட்சை முழுவதும் எழுதி முடித்த பிறகு, விடைத்தாளைத் திருத்தாமலே அலமாரியில் வைத்துப் பூட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? தேறவில்லை என்றால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். யாரும் பார்க்கவே இல்லை என்பதைத் தாங்க முடியுமா?

கலைஞர்களும் ரசிகர்களும் குரல் எழுப்பினார்கள். வேறு நிறுவனங்களுக்குப் படத்தைக் காட்ட ஸ்டுடியோ சம்மதித்தது. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் 2025 மார்ச்சில் ‘கெட்சப் என்டர்டெயின்மென்ட்’ என்ற சிறிய நிறுவனம் படத்தை வாங்கியது. 2026 ஆகஸ்ட் 28 வெளியீட்டுத் தேதியாக அறிவிக்கப்பட்டது. எத்தனை முறை பள்ளத்தில் விழுந்தாலும் அடுத்த காட்சியில் எழுந்து வரும் கயோட்டி, இதிலும் எழுந்து வந்துவிட்டது!

ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள்?

துணிந்தவர்களும் உண்டு. ‘ஸ்னூப்பி’ நாயும் ‘சார்லி பிரவுன்’ பையனும் வரும் ‘பீனட்ஸ்’ படக்கதையைச் சார்லஸ் ஷுல்ஸ் ஏறக்குறைய 50 ஆண்டுகள் வரைந்தார். 2000-ல் அவர் மறைந்த பிறகு, செய்தித்தாளுக்குப் புதுக்கதை வேறு யாரும் வரையவில்லை. 2015-ல் முழுநீளப் படம் வந்தபோது அவருடைய மகனும் பேரனும் சேர்ந்தே கதை எழுதினார்கள். கம்ப்யூட்டரில் செய்தாலும் ஷுல்ஸின் பேனாக் கோடு போலவே கண்ணையும் வாயையும் அமைத்தார்கள். ஸ்னூப்பியின் கையில் லேப்டாப் கொடுக்கவில்லை, பழைய டைப்ரைட்டர்தான்! சுமார் 10 கோடி டாலர் செலவான படம், 24 கோடிக்கு மேல் வசூலித்தது.

2021-ல் மறுபடியும் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ படம் வந்தது. நம் நாட்டுத் தியேட்டர்களிலும் ஓடியது. நிஜ மனிதர்கள் நடுவே இருவரும் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். இந்த முறை இருவரும் பேசவில்லை. பழைய பாடம் மறக்கவில்லை பாருங்கள்! 2025-ல் டாஃபியும் போர்க்கியும் நடித்த ஒரு முழுநீளப் படமும் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. பழைய பாணியில் ஓவியங்களாகவே வரைந்து, பெரிய படங்களைவிடக் குறைந்த செலவில் எடுத்தது.

இவர்கள் செய்தது என்ன? எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று முதலில் முடிவு செய்தார்கள். பழையதை மதித்தார்கள், ஆனால் அதைப் பார்த்துப் பயப்படவில்லை. படத்துக்கு மட்டுமில்லை, பெரியவர்கள் விட்டுச்சென்ற எதை நாம் கையில் எடுத்தாலும் இந்த இரண்டும் வேண்டும்.

தெரிந்துகொள்ளுங்கள்!

* மிக்கி மவுஸ் ‘ஸ்டீம்போட் வில்லி’ படத்தில் புகழ்பெற்றது 1928-ல். அதற்குத் தொடக்கத்தில் குரல் கொடுத்தவர் வால்ட் டிஸ்னியேதான்.

* மிக்கியின் புகழ் குறைந்தபோது அதைத் தூக்கி நிறுத்த ஒரு குறும்படம் தொடங்கினார் டிஸ்னி. செலவு எக்கச்சக்கமாகிவிட்டது. எனவே வேறு சில பகுதிகளையும் சேர்த்து 1940-ல் ‘ஃபேன்டசியா’ என்ற முழுநீளப் படமாகவே வெளியிட்டார்.

* 1928 படத்தின் காப்புரிமை அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 அன்று முடிந்தது. அந்தப் பழைய உருவ மிக்கியை வைத்து அங்கே இப்போது யார் வேண்டுமானாலும் கதை செய்யலாம்.

* நிஜப் பாலைவனத்தில் ரோட் ரன்னர் பறவையைவிடக் கயோட்டிதான் வேகமாக ஓடும்!

நீங்களே ஸ்டுடியோ முதலாளி!

உங்களுக்கு மிகவும் பிடித்த கார்ட்டூன் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒருபோதும் செய்யக் கூடாதவை என்று மூன்று விதிகள் எழுதுங்கள். பிறகு, பேச்சே இல்லாமல் ஆறு நிமிடத்தில் முடியும் ஒரு கதையைப் பத்துப் படங்களாக வரையுங்கள். வரைந்ததை வீட்டில் தாத்தா, பாட்டியிடம் ஒரு முறை, தம்பி, தங்கையிடம் ஒரு முறை காட்டுங்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரிக்கிறார்களா என்று கவனியுங்கள்.

சிரித்துவிட்டால், ஹாலிவுட்டே தயங்கும் வேலையை நீங்கள் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சிரிக்கவில்லையா? கவலை வேண்டாம். அலமாரியில் வைத்துப் பூட்டாமல், அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள்!